வயிற்றுக் கிருமியும் தன்னுண்ணலும்: லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவில் நம் ஆட்களுக்கு வயிற்றில் எது வந்தாலும் அதற்குப் பெயர் 'காஸ்திரிக்'. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் காஸ்திரிக், காரம் கூடிவிட்டால் காஸ்திரிக். நான் பினாங்கில் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில், என்ன படிக்கிறாய் என்று பட்டர்வொர்த் அத்தை கேட்டார். காஸ்திரிக் கிருமியை வளர்த்து வயிற்றுப் புற்றுநோய் செல் மேல் விடுகிறேன் என்றேன். "கிருமிய கொல்லதானடா படிக்கணும், நீ ஏன் வளக்குற?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கொல்வது ஒன்றும் பெரிய வேலையில்லை என்பது அடுத்த மூன்று மாதத்தில் புரிந்துவிட்டது. காற்று பட்டால் சாகும், காய்ந்தால் சாகும், நாம் இரண்டு நாள் லீவு போட்டாலும் கோபித்துக்கொள்ளும். வளர்ப்பதுதான் பாடு.

அந்தக் கிருமியான ஹெலிகோபாக்டர் பைலோரியையும், ஆட்டோஃபேஜி என்ற தன்னுண்ணலையும் சேர்த்துப் படிக்க வருகிறவர்கள் பலரும் நான் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இந்த எழுத்து.

முதலில் கொஞ்சம் பின்னணி, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இந்தக் கிருமியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் முதன்முதலாக வளர்த்தார்கள், 2005-இல் நோபல் வாங்கினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இலேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நம் நாட்டில் இதில் ஒரு புதிர் உண்டு. கிருமி அதிகம் இருப்பது இந்தியர்களிடம், ஆனால் வயிற்றுப் புற்றுநோய் அதிகம் வருவது சீனர்களுக்கு. மலாய்க்காரர்களிடம் இரண்டுமே குறைவு. கிருமியின் ரகம், உடல்வாகு, சாப்பாடு என்று பல காரணம் சொல்கிறார்கள். நமக்கு இதில் வேண்டிய பாடம் ஒன்றுதான்: 'பைலோரி' என்று எழுதினால் போதாது, எந்த ரகம் என்று எழுத வேண்டும்.

ஆட்டோஃபேஜி என்றால் செல் தன் உள்ளே இருக்கும் பழைய, கெட்டுப்போன சாமான்களை ஒரு சவ்வுப் பையில் கட்டி, லைசோசோம் என்ற அமிலத் தொட்டியில் கொட்டிக் கரைப்பது. தமிழில் தன்னுண்ணல் என்கிறார்கள். பெயர் வைத்தவர் கிறிஸ்டியன் டி டூவ், 1963-இல். ஈஸ்ட்டை வைத்து அதன் மரபணுக்களைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. இதில் பைலோரி எங்கே வருகிறது? அது வெளியே விடும் வேக்-ஏ என்ற நச்சு சில மணி நேரத்தில் தன்னுண்ணலைக் கிளப்பிவிடுகிறது, ஆனால் நாள் முழுக்க அந்த நச்சிலேயே செல் கிடந்தால் அதே தன்னுண்ணல் நடுவழியில் நின்றுபோகிறது. இன்னொரு புரதம் கேக்-ஏ. அதைக் கிருமி ஊசி போடுவதுபோல் செல்லுக்குள் ஏற்றுகிறது, தன்னுண்ணல் ஒழுங்காக நடந்தால் செல் அதைக் கரைத்துவிடுகிறது. கரைக்க முடியாத செல்லில் அது தங்கிவிடுகிறது, வம்பு அங்கேதான். ஆக, ஒரே கிருமி, ஒரே செல், ஆனால் நீங்கள் 6 மணி நேரத்தில் பார்த்தால் ஒரு கதை, 24 மணி நேரத்தில் பார்த்தால் வேறு கதை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காகித வேலை

இது இரண்டாம் நிலைப் பாதுகாப்பு லேபில் செய்யும் வேலை. பல்கலைக்கழகத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். நோயாளியின் எண்டோஸ்கோபி சதைத் துண்டிலிருந்து கிருமி எடுக்கப்போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழு அனுமதி தனி, சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதனால் முதல் வருடம், விலைக்கு வாங்கிய ரகத்தை வைத்தே கை பழகுங்கள் என்பது என் அபிப்பிராயம். 26695 என்ற ரகம் நல்லது. 1997-இல் மரபணு முழுவதும் படிக்கப்பட்டது அதற்குத்தான், கேக்-ஏயும் வேலை செய்யும் வேக்-ஏயும் இரண்டும் உண்டு. அதோடு கேக்-ஏ நீக்கியது, வேக்-ஏ நீக்கியது என்று அதே ரகத்தின் இரண்டு மாற்றுருக்கள் கிடைத்தால் கடன் பட்டாவது வாங்கி வையுங்கள். அவை இல்லாமல் 'இது வேக்-ஏ செய்த வேலை' என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார்.

அப்புறம், மார்ஷல் 1984-இல் இந்தக் கிருமியைக் குடித்துப் பார்த்த கதையை எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். நீங்கள் லேபுக்குள் நாசி லெமாக் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கக் கூடாது. இது வாய் வழியாகப் பரவும் கிருமி.

கிருமியை வளர்ப்பது

கொலம்பியா அகார் என்ற கிருமி வளர்க்கும் கூழ், அதில் 5 முதல் 7 சதவீதம் குதிரை ரத்தம் அல்லது ஆட்டு ரத்தம். சதைத் துண்டிலிருந்து எடுப்பதாக இருந்தால் மற்ற கிருமிகளை அடக்க டென்ட் மருந்துக் கலவையும் வேண்டும், அதில் வான்கோமைசின், டிரைமெத்தோபிரிம், செஃப்சுலோடின், ஆம்ஃபோடெரிசின்-பி நான்கும் இருக்கும். வெப்பம் 37 டிகிரி. காற்றில் ஆக்சிஜன் 5 சதவீதம், கார்பன் டைஆக்சைடு 10, மீதி நைட்ரஜன். மூவாயு இன்குபேட்டர் இருக்கும் லேப் என்றால் கொடுத்து வைத்தவர்கள். எங்களிடம் இருந்தது இரண்டரை லிட்டர் ஜாடியும் கேஸ் பாக்கெட்டும்தான். பாக்கெட்டைக் கிழித்த உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும், ஒரு நிமிடத்துக்குள் ஜாடியை மூடிவிட வேண்டும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு தூசி இருந்தாலும் காற்று கசியும், உள்ளே எல்லாம் செத்துப்போகும், உங்களுக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். வளையத்தை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள்.

பினாங்கில் வெளியே நின்றால் சட்டை ஒட்டுகிற ஈரம், ஆனால் லேபுக்குள் ஏர்கோன் இரவும் பகலும் ஓடுவதால் அகார் பிளேட் காய்ந்து ஓரம் சுருங்கிவிடும். காய்ந்த பிளேட்டில் பைலோரி வராது. ஊற்றி ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள், ஜாடியின் அடியில் நனைத்த டிஷ்யூ ஒன்று போடுங்கள்.

உறைந்த ஸ்டாக்கிலிருந்து எடுத்தால் நான்கைந்து நாள் ஆகும். இரண்டாம் நாள் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று குப்பையில் போடாதீர்கள். மார்ஷல், வாரனின் பிளேட்டுகளையும் முதலில் அப்படித்தான் 2 நாளில் லேப் ஆட்கள் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள், 1982 ஈஸ்டர் விடுமுறையில் பிளேட்டுகள் கூடுதல் நாள் இன்குபேட்டரிலேயே கிடந்ததால்தான் கிருமி கண்ணில் பட்டது. காலனிகள் ஊசிமுனை அளவில், கண்ணாடி போல், புல் மேல் பனித்துளி மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மார்ஷலுக்கு ஈஸ்டர் கைகொடுத்தது, எனக்குத் தைப்பூசம் காலை வாரிவிட்டது. ஏற்கனவே நன்றாக வளர்ந்துகொண்டிருந்த கிருமியை விடுமுறைக்கு முந்தின நாள் புது பிளேட்டுக்கு மாற்றிவிட்டு, தண்ணீர்மலைக்குப் போய் பால்குடம், தண்ணீர்ப் பந்தல் என்று ஊர் சுற்றிவிட்டு, சனி ஞாயிறும் சேர்த்து ஆறாம் நாள்தான் திரும்பினேன். பிளேட் நிறைய கிருமி. சந்தோஷமாக அள்ளி செல் மேல் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே செய்தேன், அதே பலன். கடைசியில் லேபில் இருந்த ஒரு அக்கா, "கிராம் ஸ்டெயின் போட்டு பாத்தியா?" என்று கேட்டார். கிருமிக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை அது. பார்த்தால் வளைந்த குச்சி ஒன்றுகூட இல்லை, எல்லாம் உருண்டை. வயதாகிவிட்டால், பட்டினி கிடந்தால் பைலோரி இப்படி உருண்டுவிடும், அது எதையும் ஊசி போடாது. செல்லில் விடப்போகும் கிருமிக்கு வயது 2 நாள், மிஞ்சினால் 3 நாள். அதற்கு மேல் போனால் மறுபடி மாற்றி வளருங்கள்.

ஒவ்வொரு முறையும் கிராம் ஸ்டெயின், அதோடு யூரியேஸ், கேட்டலேஸ், ஆக்சிடேஸ் என்ற மூன்று நொதிச் சோதனைகளும் பாருங்கள். யூரியேஸ் நீரில் கிருமியைக் கலக்கினால் மஞ்சள் சட்டென்று ரோஸ் ஆகும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், புரோட்டியஸ் என்ற வேண்டாத விருந்தாளிக்கும் யூரியேஸ் உண்டு. பலமுறை மாற்றி மாற்றி வளர்த்த கிருமி தன் குணத்தை இழக்கலாம், அதனால் நன்றாக வந்த முதல் பிளேட்டிலேயே 20 சதவீதம் கிளிசரால் கலந்து நிறையக் குழாய்களில் மைனஸ் 80-இல் போட்டு வையுங்கள்.

செல்

ஏஜிஎஸ் என்ற வயிற்றுப் புற்றுநோய் செல் எல்லோரும் பயன்படுத்துவது. எளிதில் வளரும், கேக்-ஏ உள்ளே போனால் செல் நீண்டு, ஹம்மிங்பேர்ட் என்ற சின்னப் பறவையின் அலகு மாதிரி ஆகும், அந்தப் பெயராலேயே அந்த வடிவத்தைச் சொல்கிறார்கள். இந்த வடிவம் உங்களுக்கு இலவசச் சோதனை. 6 மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் நீண்டிருந்தால் கிருமி வேலை செய்கிறது என்று அர்த்தம். நீளவில்லையா, அன்றைக்கு பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனை) ஓட்டி ஆன்டிபாடியை வீணாக்காதீர்கள்.

ஏஜிஎஸ்ஸில் ஒரு ரகசியம் உண்டு, பலருக்குத் தெரியாது: அதில் பாராஇன்ஃபுளுயன்சா-5 என்ற வைரஸ் நிரந்தரமாகக் குடியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் பாதையை அது கெடுத்துவிடும். அதனால் ஒரே செல்லை நம்பாமல் எம்கேஎன்45 போன்ற இன்னொன்றிலும் முக்கியமான முடிவைத் திரும்பப் பாருங்கள். பக்கத்து லேபில் சும்மா கொடுக்கிறார்கள் என்று எஸ்ஜிசி-7901, பிஜிசி-823 இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். வயிற்றுப் புற்றுநோய் செல் என்று பெயரில் இருக்கும், பரிசோதித்தால் ஹீலா, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் செல். எந்தச் செல் வந்தாலும் டிஎன்ஏ அடையாளச் சோதனை ஒன்று, செல்லில் ஒளிந்து வளரும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்குச் சோதனை ஒன்று. செலவு என்று யோசிப்பீர்கள். மூன்று வருட வேலை குப்பைக்குப் போவதைவிட அது மலிவு.

கிருமியைச் செல்லில் விடுவது

முந்தின நாள் ஆறு குழித் தட்டில் குழிக்கு 3 லட்சம் செல் போடுங்கள். முக்கியம்: ஆன்டிபயாடிக் இல்லாத ஊட்டநீர். இதை மறந்துவிட்டு, கிருமி ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

கணக்கு இப்படி. எப்போதும் ஒரு குழி கூடுதலாகப் போட்டு வைத்து, அன்று காலை அதைப் பிரித்து எண்ணிக்கொள்ளுங்கள். 5 லட்சம் செல் இருக்கிறது, ஒரு செல்லுக்கு 100 கிருமி வேண்டும் என்றால் தேவை 5 கோடி. கிருமியைப் பஞ்சுக் குச்சியால் மெதுவாக எடுத்து பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கரைத்து, 600 நேனோமீட்டரில் கலங்கலை அளக்கிறீர்கள். உங்கள் மெஷினில் 1.0 என்றால் மில்லிக்கு 30 கோடி என்று வைத்துக்கொண்டால், குழிக்கு 167 மைக்ரோலிட்டர். அந்த 30 கோடி என்பது நான் சும்மா சொன்ன உதாரணம். உங்கள் மெஷினில், உங்கள் ரகத்தில் எவ்வளவு என்பதைப் பத்து பத்தாக நீர்க்கச் செய்து பிளேட்டில் போட்டு, காலனிகளை எண்ணி நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும், சோம்பல்படாதீர்கள்.

எல்சி3: எல்லோரும் விழும் குழி

இனி வருவதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது, மேலே உள்ளதெல்லாம் இங்கே வந்து சேரத்தான்.

தன்னுண்ணலைப் பார்க்க எல்லோரும் எல்சி3 என்ற புரதத்தைத் தேடுவார்கள். சும்மா இருக்கும்போது அது எல்சி3-ஒன்று. பையின் சவ்வில் ஒட்டிக்கொண்டால் எல்சி3-இரண்டு. ஜெல்லில் இரண்டாவது கீழே, 14 முதல் 16 கிலோடால்டன் அருகில் ஓடும். கிருமி போட்டேன், இரண்டாவது பேண்ட், அதாவது ஜெல்லில் தெரியும் கோடு, தடித்தது, ஆகவே தன்னுண்ணல் கூடியது என்று நானும் என் முதல் அறிக்கையில் எழுதினேன். என் மேற்பார்வையாளர் சிவப்புப் பேனாவில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார்.

பினாங்குப் பாலத்தை மேலேயிருந்து ஒரு படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பாலம் நிறையக் காடி. இதை வைத்து, பிறையிலிருந்து இன்று நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? தீவுப் பக்கம் ஒரு லோரி கவிழ்ந்து கிடந்தாலும் பாலம் இப்படித்தான் இருக்கும். எல்சி3-இரண்டு என்பது பாலத்தின் மேல் நிற்கும் காடி. பை அதிகம் கட்டினாலும் கூடும், கட்டிய பை லைசோசோமில் இறங்க முடியாமல் தேங்கினாலும் கூடும். பைலோரி இந்த இரண்டையுமே செய்யக்கூடிய கிருமி என்பதால் நமக்கு இந்தக் குழப்பம் மற்றவர்களைவிட இரட்டிப்பு.

தீர்வு: தீவுப் பக்கத்தை நாமே கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு, எவ்வளவு காடி சேருகிறது என்று பார்ப்பது. அடைக்கும் மருந்து பாஃபிலோமைசின் ஏ1, 100 நேனோமோலார். ஆகவே குறைந்தது நான்கு குழி: வெறும் செல், செல்லும் மருந்தும், கிருமி போட்ட செல், கிருமியும் மருந்தும். ஒரு கற்பனைக் கணக்கு. வெறும் செல்லில் பேண்ட் 1, மருந்து போட்டதும் 4, அப்படியானால் அடைத்த நேரத்தில் சேர்ந்தது 3. கிருமி போட்டதில் 3, மருந்தோடு 8 என்றால் சேர்ந்தது 5, ஓட்டம் உண்மையிலேயே கூடியிருக்கிறது. அதுவே கிருமியில் 3.5, மருந்தோடு 4 என்றால் சேர்ந்தது வெறும் அரை. பாதை ஏற்கனவே அடைபட்டிருக்கிறது, நீங்கள் அடைத்ததால் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. மருந்தில்லாத இரண்டு பேண்டை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு கதையும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

மருந்தை எப்போது போடுவது என்பதில் பைலோரிக்கென்று ஒரு வம்பு இருக்கிறது. பாஃபிலோமைசின் அடைப்பது அமிலத்தை உள்ளே தள்ளும் பம்பை, வேக்-ஏ செல்லுக்குள் குமிழி குமிழியாக வெற்றறை உண்டாக்கவும் அதே பம்ப் தேவை. தொடக்கத்திலேயே மருந்தைப் போட்டால் நீங்கள் படிக்க வந்த நச்சின் வேலையையே நிறுத்திவிடுவீர்கள். அதனால் கடைசி 3 மணி நேரம் மட்டும். விலை குறைவு என்று குளோரோகுவின் போடலாமா என்று கேட்பார்கள். அது பலவீனமான காரம், அம்மோனியா போன்ற காரங்கள் வேக்-ஏயின் குமிழிகளைப் பெரிதாக்கும். மற்ற ஆய்வுகளுக்குச் சரி, இதற்கு எனக்குப் பிடிக்காது. மருந்து போடாத குழிகளிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ, அதாவது மருந்தைக் கரைத்த திரவம், விட மறக்காதீர்கள். மருந்து வேலை செய்கிறதா, ஆன்டிபாடி சரியா என்று பார்க்க, ஊட்டமில்லாத உப்புநீரில் 2 மணி நேரம் பட்டினி போட்ட செல் ஒன்றும் கூட இருக்கட்டும்.

பிளாட் ஓட்டும்போது 15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் மெம்பிரேன். புரதம் சின்னது, நீலக் கோடு வெளியே ஓடும் வரை விட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். எல்சி3-இரண்டை, எல்லாக் குழியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ஆக்டின் புரதத்தோடு ஒப்பிடுங்கள், எல்சி3-ஒன்றோடு ஒப்பிடாதீர்கள். ஒன்றாவது சீக்கிரம் சிதையும், ஆன்டிபாடி இரண்டையும் ஒரே மாதிரி பிடிக்காது. அதனால் கரைசலை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து ஓட்டுவதும் ஆகாது.

பி62 என்ற புரதத்தையும் கூடப் பாருங்கள், தன்னுண்ணல் ஓடினால் அது கரைந்து குறைய வேண்டும். ஆனால் கிருமி தாக்கிய செல் அழுத்தத்தில் புதிதாகவும் பி62 செய்யும், அப்போது ஓட்டம் கூடியும் பி62 குறையாமல் நிற்கும். போதாததற்கு அது கட்டி சேர்ந்து வழக்கமான சோப்புக் கரைசலில் கரையாமல் அடியில் தங்கிவிடும், நாம் மேல்நீரை மட்டும் எடுத்து ஓட்டிவிட்டுக் குறைந்துவிட்டது என்று எழுதுவோம். அது சாட்சி மட்டும், தீர்ப்பு சொல்ல விடாதீர்கள். கை தேறிய பிறகு சிவப்பும் பச்சையும் சேர்த்து ஒட்டிய எல்சி3-ஐச் செல்லில் ஏற்றலாம். அமிலத்தில் பச்சை அணைந்துவிடும், ஆகவே மஞ்சள் புள்ளி என்றால் பை இன்னும் இறங்கவில்லை, சிவப்பு மட்டும் என்றால் இறங்கிவிட்டது.

வாரக் கணக்கு

முந்தின வாரம் திங்கள் ஸ்டாக்கை எடுத்துப் பிளேட்டில் தேய்த்துவிடுங்கள், வெள்ளியன்று புது பிளேட்டுக்கு மாற்றுங்கள், அடுத்த திங்கள் மாலை மறுபடி. புதன் மாலை செல்லைத் தட்டில் போடுங்கள். வியாழன் காலை கிராம் ஸ்டெயின், செல் எண்ணிக்கை, 10 மணிக்குக் கிருமியை விடுவது. 6 மணி நேரத் தட்டுக்கு மதியம் 1 மணிக்கு மருந்து, 4 மணிக்கு ஐஸ் மேல் வைத்துச் செல்லைக் கரைப்பது. 24 மணி நேரத் தட்டுக்கு மருந்து வெள்ளி காலை 7 மணிக்கு. பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்கள் 6 மணிக்கெல்லாம் பாலம் ஏறிவிடுங்கள், அதற்கு மேல் போனால் காடி நகராது, மருந்து போடும் நேரம் தவறினால் அந்தத் தட்டை நாலு குழியோடு சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான்.